காணாத காண்டாமிருகமும் கண்ட முயலும்

காண்டாமிருகம் எப்படி இருக்கும்? 400 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் படித்தவர் ஒருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், அவர் ஒரு படத்தைத்தான் காட்டியிருப்பார். இரும்புக் கவசம் பூட்டிய போர்வீரனைப் போன்ற உடல். செதில் மூடிய கால்கள். மூக்கின்மேல் ஒரு பெரிய கொம்பு. அது போதாதென்று முதுகின்மேல் இன்னொரு சிறிய கொம்பு! 1515ஆம் ஆண்டில் மரப்பலகையில் செதுக்கி அச்சிடப்பட்ட படம் அது. அதை வரைந்தவர் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரைச் சேர்ந்த ஆல்பிரெக்ட் டியூரர்.

இதில் வியப்பு என்னவென்றால், டியூரர் தம் வாழ்நாளில் ஒரு காண்டாமிருகத்தைக்கூட நேரில் கண்டதில்லை.

அந்தப் படத்திற்கு 13 ஆண்டுகளுக்கு முன் அதே கை ஒரு முயலைத் தீட்டியிருந்தது. அந்த முயலின் மயிரை விரலால் தடவிப் பார்க்கலாமோ என்று இன்றும் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஒரே ஓவியர், ஒரே திறமை. ஆனால் ஒரு படத்தில் உண்மை உயிரோடு இருக்கிறது. இன்னொன்றில் உண்மையோடு கற்பனையும் கலந்திருக்கிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? டியூரரின் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் விடை கிடைக்கும்.

பொற்கொல்லர் மகன்

டியூரர் 1471ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் பிறந்தவர். தந்தையின் பெயரும் ஆல்பிரெக்ட் டியூரர்தான். ஹங்கேரியிலிருந்து பிழைப்புத் தேடி வந்து நியூரம்பர்க்கில் குடியேறிய பொற்கொல்லர் அவர். தாயார் பார்பரா பெற்றெடுத்த பிள்ளைகள் 18 பேர். வளர்ந்து ஆளாகிக் குடும்பத்திற்கு மிஞ்சியவர்கள் மூவர் மட்டுமே.

மகனுக்குத் தந்தை தம் தொழிலையே கற்றுக்கொடுத்தார். பொன்னிலும் வெள்ளியிலும் நுண்ணிய கோடுகளைப் பிசகாமல் இழுக்கப் பழகிய அந்தப் பயிற்சி வீண் போகவில்லை. 1484இல், 13 வயதில், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சிறுவன் டியூரர் ஒரு படம் வரைந்தான். பயன்படுத்தியது வெள்ளிக் கம்பி முனை. எலும்புத் தூளும் பசையும் கலந்து பூசிய தாளில் அந்த முனையால் இழுத்தால் மெல்லிய சாம்பல் நிறக் கோடு விழும். நாளடைவில் அது பழுப்பாகும். இதில் அழிப்பதற்கு வழியில்லை. இழுத்த கோடு இழுத்ததுதான். அப்படிப்பட்ட கருவியைக் கொண்டு, உப்பிய கன்னங்களும் நீட்டிய விரலுமாகத் தன்னையே அந்தச் சிறுவன் பதிவு செய்தான்.

பிற்காலத்தில் டியூரர் அந்தத் தாளை எடுத்து, தாம் சிறுவனாக இருந்தபோது கண்ணாடியைப் பார்த்து வரைந்தது இது என்று அதன் மேற்பகுதியில் எழுதி வைத்தார். வரைந்தது எப்போது, எதைப் பார்த்து என்ற இரண்டும் அந்தக் குறிப்பில் உண்டு. இந்தப் பழக்கம் அவரிடம் கடைசி வரை நீடித்தது.

ஓவியம் கற்கப் போகிறேன் என்று மகன் சொன்னபோது தந்தைக்கு மனவருத்தம். பொற்கொல்லர் தொழில் கற்ற காலமெல்லாம் வீணாகிவிட்டதே என்று கவலைப்பட்டார். ஆனாலும் தடுக்கவில்லை. 1486இல் மிக்கேல் வோல்கமுட் என்ற ஓவியரின் பட்டறையில் மகனைச் சேர்த்துவிட்டார். பயிற்சி முடிந்து ஊர் ஊராகச் சென்று தொழில் பழகப் புறப்படும் முன், 1490இல் மகன் தீட்டிய உருவப்படங்களில் ஒன்று அந்தத் தந்தையுடையது. கையில் செபமாலையோடு நிற்கும் அந்த உழைப்பாளியின் படம் இன்று இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் இருக்கிறது.

பார்க்காத சிங்கம்

1494இல் டியூரர் ஆக்னஸ் என்ற பெண்ணை மணந்தார். அதே ஆண்டில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலியின் வெனிஸ் நகருக்குப் பயணமானார். வழியில் மலைகளையும் கோட்டைகளையும் நீர்வண்ணத்தில் தீட்டினார். வெனிஸில் நண்டையும் சிங்கி இறாலையும் வரைந்தார். கண்முன் கிடந்த உயிரினங்கள் அவை. ஓட்டின் கரடுமுரடும் கால்களின் மூட்டுகளும் பிசகாமல் வந்திருக்கின்றன.

1494 என்று ஆண்டு குறித்த இன்னொரு படமும் உண்டு. அது ஒரு சிங்கம். தோல் தாளில் வண்ணமும் பொன்னும் கொண்டு தீட்டியது. அழகான படம்தான். ஆனால் முகத்தைப் பார்த்தால் காட்டு விலங்காகத் தெரியவில்லை, கோயில் வாசலில் இருக்கும் சிலையைப் போல் தெரிகிறது. காரணம் எளிது. டியூரர் அப்போது உயிருள்ள சிங்கத்தைக் கண்டிருக்கவில்லை. வெனிஸ் நகரின் சின்னமே சிங்கம் என்பதால் அங்கே சிற்பங்களுக்குக் குறைவில்லை. அவை போன்றவற்றைப் பார்த்தே அதைத் தீட்டியிருப்பார் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

நேரில் கண்ட நண்டு நண்டாகவே வந்தது. காணாத சிங்கம் சிலையாக வந்தது. இந்தச் சிங்கத்தை நினைவில் வைத்துக்கொள்வோம், 27 ஆண்டுகள் கழித்து மீண்டும் வரும்.

முயலின் கண்ணில் ஜன்னல்

1502இல் டியூரர் தீட்டிய முயல் இன்று ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில், ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அளவில் சிறிய படம். உயரம் ஏறத்தாழ 25 செண்டிமீட்டர் மட்டுமே. பின்னணியில் காடு இல்லை, புல் இல்லை. வெறும் தாளில் ஒரு முயல் அமர்ந்திருக்கிறது. அவ்வளவுதான்.

முதலில் தண்ணீர் மிகுந்த பழுப்பு வண்ணத்தைப் பரவலாகப் பூசி உடலின் வடிவத்தைக் கொண்டு வந்தார். அதன்மேல் மெல்லிய தூரிகையால் மயிர்க்கால்களை ஒவ்வொன்றாக இழுத்தார். கருமையான கோடுகளும் வெள்ளைக் கோடுகளும் மாறி மாறி வருகின்றன. காதில் மயிர் குட்டை. மார்பில் நீளம். முதுகில் ஒரு திசையில் படிந்திருக்கிறது, தொடையில் வேறு திசையில் திரும்புகிறது. மொத்தமாகப் பார்த்து ‘முயல் மயிர் பழுப்பு’ என்று முடிவு செய்தவரால் இப்படித் தீட்ட முடியாது.

படத்தின் சிறப்பு முயலின் கண்ணில் இருக்கிறது. கருவிழியில் ஒரு ஜன்னலின் பிம்பம், குறுக்குச் சட்டத்தோடு தெரிகிறது. ஓவியர் தம் அறைக்குள் வைத்தே இதைத் தீட்டினார் என்பதற்கு இந்த ஜன்னலைத்தான் பலரும் சான்றாகக் காட்டுவார்கள். ஒளி பட்டால் வண்ணம் மங்கிவிடும் என்பதால் இந்த மூலப்படம் எப்போதும் காட்சிக்கு வைக்கப்படுவதில்லை.

மறு ஆண்டு, 1503இல், ஒரு பிடி மண்ணோடு பெயர்த்தெடுத்தாற்போல் ஒரு புல்பத்தையைத் தீட்டினார். அருகம்புல்லைப் போல நாம் தினமும் மிதித்துச் செல்லும் சாதாரணப் பச்சைதான் அது. ஆனால் அதில் உள்ள செடிகளைத் தாவரவியல் அறிஞர்கள் இன்றும் பெயர் சொல்லி அடையாளம் காட்டுகிறார்கள். 1505இல் கொம்பு வண்டு ஒன்றைத் தீட்டினார். பனங்காடை இனத்துப் பறவையின் ஒற்றைச் சிறகைத் தனியே தீட்டினார். அந்தக் காலத்தில் விலங்கும் செடியும் சமயப் படங்களின் ஓரத்தில் நிற்கும் துணைப்பொருள்கள். ஒரு முயலுக்கென்றே ஒரு முழுத் தாளை ஒதுக்குவது அன்று வழக்கமல்ல.

தாயின் முகம்

தந்தை 1502இல் காலமானார். பின்னர் தாயைத் தம் வீட்டிற்கே அழைத்து வந்து மகன் பராமரித்தார். 1514ஆம் ஆண்டு மார்ச் மாதம் 19ஆம் நாள், கரிக்கோலை எடுத்து அந்தத் தாயின் முகத்தை வரைந்தார். அப்போது அவருக்கு வயது 63.

பெற்ற தாயை அழகாகக் காட்டவேண்டும் என்று யாருக்கும் ஆசை இருக்கும். டியூரர் அப்படிச் செய்யவில்லை. ஒடுங்கிய கன்னம், புடைத்த நெற்றி எலும்பு, கழுத்தில் கயிறு போல் துருத்தி நிற்கும் நரம்புகள், ஒன்றுக்கொன்று ஒத்துப் பார்க்காத இரு கண்கள் என்று உள்ளது உள்ளபடியே வரைந்தார். பதினெட்டுப் பிள்ளைகளைப் பெற்று, பெரும்பாலோரைப் பறிகொடுத்து, கொள்ளை நோய்களையும் வறுமையையும் கடந்து வந்த ஒரு பெண்ணின் முகம் அது. ஒரு சுருக்கத்தைக்கூட மகன் மறைக்கவில்லை. முயலின் மயிருக்குக் காட்டிய அதே பொறுமையைத் தாயின் சுருக்கத்திற்கும் காட்டினார்.

படம் வரைந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மே 16ஆம் நாள் தாயார் இறந்துவிட்டார். டியூரர் அந்த ஓவியத்தை மீண்டும் எடுத்து, அவர் இறந்த நாளையும் அதில் குறித்து வைத்தார். பெர்லினில் இருக்கும் அந்தத் தாளைப் பார்ப்பவர்களுக்கு, அழகுபடுத்தாமல் விட்டதும் அன்பின் ஒரு வகைதான் என்று தோன்றும்.

மலாக்காவை வென்றவர் அனுப்பிய பரிசு

இனி காண்டாமிருகத்திற்கு வருவோம். இந்தக் கதையின் வேர் நம் பக்கத்தில் இருக்கிறது. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியத் தளபதி அல்போன்சோ டி அல்புகர்க்கை இங்குள்ள பள்ளி மாணவர்களும் அறிவார்கள். கோவாவைத் தலைமையிடமாகக் கொண்டு ஆட்சி செய்த அவர், டியூ என்ற இடத்தில் கோட்டை கட்ட அனுமதி கேட்டு 1514இல் குஜராத் சுல்தான் இரண்டாம் முசாபர் ஷாவிடம் தூதர்களை அனுப்பினார். சுல்தான் அனுமதி தரவில்லை. மரியாதைக்குப் பரிசுகள் தந்தனுப்பினார். அவற்றில் ஒன்று உயிருள்ள காண்டாமிருகம்!

அதை அல்புகர்க் தம் மன்னர் மானுவலுக்கு அனுப்பி வைத்தார். 1515 ஜனவரியில் கோவாவிலிருந்து கப்பலேறிய விலங்கு, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மே 20ஆம் நாள் லிஸ்பன் துறைமுகத்தில் இறங்கியது. ரோமானியர் காலத்திற்குப் பிறகு ஐரோப்பிய மண்ணில் காண்டாமிருகம் கால் வைத்தது அதுவே முதல் முறை என்பார்கள். ‘கண்டா’ என்ற குஜராத்திச் சொல்லே அங்கே அதற்குப் பெயராயிற்று. அந்தச் சொல்லைக் கேட்டால் நம் ‘காண்டாமிருகம்’ காதில் ஒலிக்கும். யானைக்கும் காண்டாமிருகத்திற்கும் ஆகாது என்று பழைய நூல்கள் சொல்வதைச் சோதித்துப் பார்க்க மன்னர் இரண்டையும் மோதவிட்டார். இளம் யானை மிரண்டு ஓடிவிட்டது.

இந்தச் செய்தியைத் தாங்கிய கடிதமும் ஒரு கோட்டுப்படமும் லிஸ்பனிலிருந்து நியூரம்பர்க் வந்து சேர்ந்தன. டியூரரிடம் இருந்தது அவ்வளவுதான். அதை வைத்து முதலில் பேனாவால் ஒரு படம் வரைந்தார். பிறகு அதையே மர அச்சாக்கி விற்பனைக்கு விட்டார்.

இந்தியக் காண்டாமிருகத்தின் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்குவது உண்மைதான். எனவே கவசம் என்று அவர் நினைத்ததில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் தெரியாத இடங்களைத் தெரிந்த பொருள்களால் நிரப்பினார். தகடுகளுக்கு விளிம்பு கட்டினார், கால்களுக்குச் செதில் பூட்டினார், தோளுக்குப் பின்னால் முறுக்கிய கொம்பு ஒன்றை முளைக்க வைத்தார். யானையைத் தடவிப் பார்த்த குருடர்கள் அதை முறம் என்றும் உலக்கை என்றும் சொன்ன கதைதான்.

அந்தப் படமோ சக்கைப்போடு போட்டது. டியூரர் உயிரோடு இருந்த காலத்திலேயே 4,000 முதல் 5,000 பிரதிகள் விற்றிருக்கும் என்று கணிக்கிறார்கள். சுவிட்சர்லாந்து அறிஞர் கொன்ராட் கெஸ்னர் 1551இல் வெளியிடத் தொடங்கிய விலங்கியல் நூலிலும் இதே உருவம் இடம்பெற்றது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில், ‘கிளாரா’ என்ற இன்னொரு இந்தியக் காண்டாமிருகம் ஐரோப்பிய நகரங்களில் காட்சிப்படுத்தப்பட்டது. பிரெஞ்சு ஓவியர் ஊட்ரி 1749இல் அதை நேரில் பார்த்து ஆளுயரத்திற்குத் தீட்டினார். அதற்குப் பின்னரே டியூரரின் முதுகுக் கொம்பு மெல்ல மெல்ல மறையத் தொடங்கியது. பிழை ஆட்சி செய்தது 200 ஆண்டுகளுக்கு மேல்!

ஏன் யாரும் சந்தேகப்படவில்லை? படம் அவ்வளவு துல்லியமாக இருந்ததே காரணம். அரைகுறைக் கிறுக்கலாக இருந்திருந்தால் பார்த்தவர்கள் தயங்கியிருப்பார்கள். இத்தனை நுணுக்கமாக வரைந்தவர் கண்ணால் பார்க்காமலா வரைந்திருப்பார் என்று எண்ணிவிட்டார்கள். துல்லியம் வேறு, உண்மை வேறு. கைப்பேசிக்கு நாள்தோறும் வந்து சேரும் படங்களை நம்பிப் பிறருக்கு அனுப்பும் காலத்தில், இந்த 1515ஆம் ஆண்டுப் படம் ஒரு பழைய எச்சரிக்கை.

அந்த விலங்கின் முடிவு பரிதாபமானது. மன்னர் மானுவல் அதைப் போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பினார். 1516இன் தொடக்கத்தில் இத்தாலியக் கரையோரம் கப்பல் மூழ்கியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த காண்டாமிருகம் நீந்தித் தப்ப முடியாமல் மாண்டது. டியூரருக்கு அதைப் பார்க்கும் வாய்ப்பும் அத்தோடு போயிற்று.

திமிங்கிலத்தைத் தேடி

1520இல் டியூரர் மனைவியுடன் நெதர்லாந்துப் பகுதிக்குப் புறப்பட்டார். பழைய பேரரசர் அளித்துவந்த ஆண்டு உதவித்தொகையைப் புதிய பேரரசர் ஐந்தாம் சார்ல்ஸிடம் உறுதிப்படுத்திக்கொள்வது நோக்கம். ஆனால் அந்தப் பயணத்தின் நாட்குறிப்பைப் பார்த்தால், எதையும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற அவருடைய தவிப்பு பக்கத்திற்குப் பக்கம் தெரிகிறது.

அந்த ஆண்டு இறுதியில் ஸீலாந்து கடற்கரையில் பெரிய திமிங்கிலம் ஒன்று கரை ஒதுங்கியதாகச் செய்தி வந்தது. 49 வயதில், டிசம்பர் மாதக் குளிரில், டியூரர் படகேறினார். வழியில் ஒரு துறைமுகத்தில் கயிறு அறுந்து, சிலரே ஏறியிருந்த அவருடைய படகைக் காற்று கடலுக்குள் இழுத்துச் சென்றது. உயிர் பிழைத்ததே பெரும்பாடு. ஆனால் அவர் போய்ச் சேருவதற்குள் திமிங்கிலத்தை அலை அடித்துச் சென்றுவிட்டது!

திமிங்கிலம் கிடைக்கவில்லை, நோய் கிடைத்தது. அதுவரை கேள்விப்படாத ஒரு நோய் ஸீலாந்தில் தமக்குத் தொற்றியதாக அவரே குறித்திருக்கிறார். மலேரியாவாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. அதன் பிறகு அவர் உடல்நலம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

ஆனாலும் பென்சில் போன்ற அந்த வெள்ளி முனையை அவர் கீழே வைக்கவில்லை. 1521 ஏப்ரலில் கெண்ட் நகரில் உயிருள்ள சிங்கங்களைக் கண்டார். உடனே வரைந்தார். 27 ஆண்டுகளுக்கு முன் பொன் பூசித் தீட்டிய சிலைச் சிங்கத்திற்கும் இதற்கும் எவ்வளவு வேறுபாடு! இது களைப்போடு படுத்திருக்கும் உண்மையான விலங்கு. அதே ஆண்டில் வால்ரஸ் என்ற கடல்விலங்கின் தலையையும் வரைந்தார்.

மனித முகங்களும் குவிந்தன. விடுதிக்காரர், வணிகர், அரசர் என்ற பேதம் அவருக்கு இல்லை. ஆண்ட்வெர்ப் நகரில் 93 வயது முதியவர் ஒருவரை அமரவைத்துப் படம் எடுத்தார். அந்த வயதிலும் நல்ல உடல்நலத்தோடு இருந்தார் என்று ஓரத்தில் எழுதினார். போர்த்துகீசிய வணிக அதிகாரியின் வீட்டில் பணிபுரிந்த கத்தரினா என்ற 20 வயது ஆப்பிரிக்கப் பெண்ணையும் வெள்ளி முனையால் வரைந்தார். தலையில் துணி கட்டி, கண்களைத் தாழ்த்தியிருக்கும் அந்தப் பெண்ணின் முகத்தில் கேலி இல்லை, வேடிக்கை இல்லை. ஒரு மனிதரின் முகம் இருக்கிறது. அக்கால ஐரோப்பாவில் அது சாதாரணச் செய்தி அல்ல.

மனிதக் கண்ணிலும் அதே ஜன்னல்

ஊர் திரும்பிய டியூரர் 1526இல் தீட்டிய உருவப்படங்கள் அவருடைய முதிர்ச்சியின் உச்சம். நியூரம்பர்க் பிரமுகர் ஹோல்ட்ஷூஹர் என்பவரின் படத்தில் நரைத்த தாடியின் ஒவ்வொரு இழையும் தனித்தனியே எழுந்து நிற்கிறது. அவருடைய கண்மணியில் ஒரு ஜன்னல் தெரிகிறது. ஆம், முயலின் கண்ணில் தெரிந்த அதே ஜன்னல்தான். விலங்குக்கு ஒரு பார்வை, பெரிய மனிதருக்கு வேறொரு பார்வை என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை.

அதே ஆண்டில் சமய அறிஞர் மெலாங்தனின் முகத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கினார். அதன் அடியில், முகத்தை உயிரோட்டமாகக் காட்ட முடிந்தது, மனத்தைக் காட்டத் தம் கையால் முடியவில்லை என்ற பொருளில் இலத்தீனில் பொறித்தார்.

இன்னொரு நிகழ்ச்சி இதைவிடச் சுவையானது. புகழ்பெற்ற அறிஞர் எராஸ்மஸின் படத்தையும் அதே 1526இல் செதுக்கினார். ஆனால் எராஸ்மஸ் அப்போது அருகில் இல்லை. 1520இல் பயணத்தின்போது எடுத்த கோட்டுப்படமும் ஒரு பதக்கத்தில் இருந்த உருவமும்தான் ஆதாரம். படம் வந்ததும் எராஸ்மஸுக்குத் திருப்தியில்லை. தாம் ஐந்தாண்டுகளுக்கு முன் இருந்ததுபோல் இப்போது இல்லையே, சாயல் வராததில் வியப்பில்லை என்று நயமாகச் சொல்லிவிட்டார். காண்டாமிருகத்திடம் நேர்ந்தது எராஸ்மஸிடமும் நேர்ந்தது. ஒரே வேறுபாடு, எராஸ்மஸால் வாய் திறந்து சொல்ல முடிந்தது.

எஞ்சியது படம்

1528 ஏப்ரல் 6ஆம் நாள் டியூரர் காலமானார். வயது 56. மனித உடலின் அளவுகளைப் பற்றி அவர் எழுதிய நூல் அதே ஆண்டில், அவர் மறைவுக்குப் பிறகு வெளிவந்தது. கலை இயற்கைக்குள்ளேயே புதைந்திருக்கிறது, அதை வெளியே எடுக்கத் தெரிந்தவனுக்கே அது சொந்தம் என்பது அதில் அவர் சொல்லிச் சென்ற கருத்து. 13 வயதில் கண்ணாடிமுன் அமர்ந்த நாள் முதல் அவர் செய்ததும் அதைத்தான். அந்த வழியிலிருந்து விலகி, பிறர் சொல் கேட்டு வரைந்த ஒரு படமே அவருடைய படங்களில் மிக அதிகமாகப் பரவியது என்பது வரலாற்றின் விளையாட்டு.

காண்டாமிருகத்தைப் படத்தில் மட்டும் பார்க்கும் நிலை அன்றைய ஐரோப்பியர்களோடு முடிந்துவிடவில்லை. மலேசியக் காடுகளில் வாழ்ந்த சுமத்ரா காண்டாமிருக இனத்தில், நாட்டில் எஞ்சியிருந்த கடைசி ஆண் ‘தாம்’ 2019 மே மாதம் இறந்தது. கடைசிப் பெண் ‘இமான்’ அதே ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் சபாவில் இறந்தது. இனி இங்குள்ள பிள்ளைகளுக்கும் நாட்டின் காண்டாமிருகம் என்றால் படம்தான். அந்தப் படங்களை எடுத்தவர்கள் அவற்றின் அருகில் நின்று, கண்ணால் கண்டு எடுத்தவர்கள் என்பது ஒன்றே ஆறுதல்.